நெஞ்சின் படபடப்பும் பீற்றாத் தடுப்பு மருந்தும்

அகத்தே எழும் உணர்ச்சி புறத்தே உடம்பின்வழி வெளிப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கென ஓர் இயலே வகுத்தார் தொல்காப்பியனார். அவர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கென்று கூறியவர், அவற்றுள் ஒன்றாக இறை என்பதனையும் வைத்தார். இறை என்றவிடத்து அரசன் மாத்திரமன்றித் தந்தையும் ஆசிரியனும் அடங்குவர் என்பது உரை மரபு. ஆசிரியத் தொழிலில் இருப்பார்க்கு இவ்வுரை சற்றே உறுத்தும். பரீட்சை மண்டபம் அக்காலத்து இருந்திருப்பின் அதனை ஐந்தாவது நிலைக்களனாக அவர் சேர்த்திருத்தல் கூடும்.

அஞ்சினான் ஒருவனுடைய நெஞ்சு விரைந்து துடிப்பதும் கை நடுங்குவதும் நா வறள்வதும் எவ்வாறு நிகழ்கின்றன என்னும் வினாவுக்கு இலக்கண நூலில் விடை தேடுதல் பொருந்தாது. அதற்கு உடற்றொழிலியல் நூலாரிடஞ் செல்லல் வேண்டும். பாமன்கடைச் சந்தியிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே காலி வீதிக்கு நடந்து போவார், இருமருங்கும் உள்ள மருந்துக் கடைகளில் வைத்தியரின் சிட்டை காட்டிப் பெறக்கூடிய சிறு குளிசை ஒன்று அவ்வினாவோடு நெருங்கிய தொடர்புடையது. நம் பழைய மாணவருள் நடுவயது கடந்தார் சிலர் குருதியமுக்கத்திற்கோ நெஞ்சு நோவுக்கோ அதனையோ அதன் இனத்தையோ உட்கொண்டு வருகின்றனர். மாணவர் சிலரோ பரீட்சைக் காலத்தில் அதனை வீட்டிலுள்ள பெரியாரின் பெட்டியிலிருந்து எடுத்து, ஒருவர்க்கொருவர் கைமாற்றிக் கொள்வதாகவும் கேள்வி. இவ்விரு திறத்தாரையும் கருதியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. எழுதுபவனும் ஓராண்டு காலம் இக்குளிசையை உண்டவனே என்பதனை இடையே சொல்லி வைத்தல் நன்று.

சிறுநீரகங்களின் தலைப்பில் தொப்பி கவிழ்த்தாற்போல அமைந்த சுரப்பிகள் இரண்டு உள. அச்சமோ சினமோ தோன்றியவிடத்து அவை அதிரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. அதனோடு ஒத்த தொழிலுடைய பொருளை நரம்பு முனைகளும் விடுகின்றன. அதனால் இதயம் விரைகிறது. மூச்சுக் குழல்கள் விரிகின்றன. தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. எதிர்த்துப் போரிடவோ ஓடித் தப்பவோ உடம்பு இவ்வாறு ஆயத்தமாகின்றது. புலியைக் கண்டவனுக்கு இஃது உயிர் காக்கும் உதவி. வினாத்தாளைக் கண்டவன் ஓடவும் இயலாது, போரிடவும் இயலாது. ஆயத்தம் செய்த உடம்புக்கு வேலை இல்லாமற் போகவே, அது நடுக்கமாகவும் படபடப்பாகவும் அவனிடத்தே தங்கிவிடுகின்றது.

அதிரினலின் ஒன்றாயிருக்க, ஓரிடத்தில் இறுக்குவதும் வேறோரிடத்தில் தளர்த்துவதும் எங்ஙனம் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1948 இல் அமெரிக்க அறிஞர் றேமன்ட் ஆல்குவிஸ்ற் என்பார், இப்பொருளை ஏற்கும் வாங்கிகள் உடலில் இருவகை உள என்று காட்டி, அவற்றுக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துகளான அல்பா, பீற்றா என்பவற்றையே பெயராக இட்டார். வாங்கி என்பது பூட்டு, அதிரினலின் அதன் திறப்பு என்று கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். இதயத்தின் பூட்டு பெரும்பாலும் பீற்றா வகை. மூச்சுக் குழலின் பூட்டும் பீற்றாவே. ஆயினும் அதன் உட்பிரிவு வேறு. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் ஓர் உயிர்நிலைச் செய்திக்கு அது பயன்படும்.

ஆல்குவிஸ்ற் கூறியதனை அறிஞருலகம் பல்லாண்டு பொருட்படுத்தவில்லை. அதனை எடுத்துப் பயன்கொண்டவர் ஸ்கொற்லாந்து நாட்டு யேம்ஸ் பிளாக். இவர் 1924 இற் பிறந்தவர். 1947 முதல் 1950 வரை சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர். யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று தொழில் பார்த்த காலத்தின் கடைக்கூறு அது. நெஞ்சு நோவுடையார்க்கு இதயத்திற்குச் செல்லும் குருதியைப் பெருக்குதற்கே அந்நாள் மருத்துவர் முயன்றனர். பிளாக் அதனைத் தலைகீழாக எண்ணினார். மேட்டில் வண்டி இழுக்கும் எருது இளைத்தவிடத்து, அதற்கு மேலும் தீனி இடுவது ஒரு வழி. பாரத்தைக் குறைப்பது மற்றொரு வழி. இதயத்தின் உழைப்பைக் குறைத்தால் அதன் தேவையுங் குறையும் என்பதே அவர் கண்ட நெறி. பூட்டின் துளையிற் பொருந்தி, ஆனாற் பூட்டைத் திறவாது அடைத்து நிற்கும் பொய்த் திறப்பு ஒன்றை ஆக்க முனைந்தார். முதலில் ஆக்கிய மருந்து சுண்டெலிகளிடத்துக் கட்டிகளை உண்டாக்கியமையால் விலக்கப்பட்டது. அடுத்து 1964 இல் வெளிப்பட்டதே புரொப்பிரனோலோல். 1988 இல் மருத்துவத்திற்கான நோபெல் பரிசைப் பிளாக் வேறிருவரோடு பகிர்ந்து பெற்றார்.

இலக்கண ஆசிரியனுக்கு இம்மருந்துகளின் பெயர்களில் ஓர் இன்பம் உண்டு. புரொப்பிரனோலோல், அற்றெனோலோல், மெற்றோபுரோலோல், பைசோபுரோலோல், காவெடிலோல் என இவ்வினத்துப் பெயர்களெல்லாம் லோல் என்றே முடிகின்றன. பகுதி வேறாக விகுதி ஒன்றாதல் போலும் இது. கடைக்காரர் தரும் சிற்றுறையில் இவ்விகுதி காணப்படின், உள்ளே இருப்பது பெரும்பாலும் பீற்றாத் தடுப்பு மருந்தே என்று கொள்ளலாம். வணிகப் பெயர் ஆயிரம் இருப்பினும் மருந்தின் இயற்பெயரையே வழங்கல் வேண்டும் என்று இந்நாட்டில் வலியுறுத்தியவர் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீன் இன்றிருந்தால், இவ்விகுதிக்கும் ஒரு தமிழ் கண்டிருப்பாரோ என்னவோ!

இனி, இதயத்திற்காக ஆக்கிய மருந்து அச்சத்திற்கு எவ்வாறு வந்தது? 1884 இல் அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் யேம்ஸ் ஒரு புதுமை கூறினார். அஞ்சுவதால் நடுங்குகிறோம் என்பது உலக வழக்கு. நடுங்குவதை உணர்வதே அச்சம் என்பது அவர் கொள்கை. அது முற்றும் உண்மையாயின், உடம்பின் நடுக்கத்தை நிறுத்தினால் உள்ளத்தின் அச்சமும் அற்றொழிதல் வேண்டும். 1966 இல் பிரித்தானிய மருத்துவர் இருவர் பதகளிப்பு நோயாளர்க்குப் புரொப்பிரனோலோல் கொடுத்துப் பார்த்து, லான்செற் ஏட்டில் எழுதினர். படபடப்பு முதலிய உடற்குறிகள் தணிந்தன. உள்ளத்தின் கவலையோ அவ்வளவு தணியவில்லை. ஆகவே யேம்ஸ் கூற்று ஒரு பாதியே மெய்யாயிற்று. மத்தளத்தின் வாயைத் துணியால் மூடினால் ஓசை அடங்கும். அடிப்பவன் அடித்துக்கொண்டுதான் இருப்பான்.

எனினும் ஓசை அடங்குதலே போதுமான இடங்களும் உள. வயலின் வாசிப்பவன் கை நடுங்கின் வில் நடுங்கும். வில் நடுங்கின் நாதம் கெடும். கெட்ட நாதத்தைக் கேட்டு அவன் மேலும் அஞ்சுவான். 1977 இல் நரம்பிசைக் கலைஞரிடத்து இவ்வினத்து வேறொரு மருந்தைச் சோதித்தவர்கள், நடுக்கம் குறைந்து வாசிப்பும் செம்மையுற்றதெனக் கண்டனர். குறிபார்த்துச் சுடுவோர்க்கும் இஃது உதவும் என்பதனாலேயே ஒலிம்பிக் போட்டியில் அவர்க்கு இது விலக்கப்பட்டது. 2008 இல் பீக்கிங் நகரில் வெள்ளியும் வெண்கலமும் பெற்ற வடகொரிய வீரர் கிம் ஜொங்-சு, புரொப்பிரனோலோல் உண்டமை கண்டறியப்பட்டு இரண்டனையும் இழந்தார். கை நடுக்கத்தை வெல்லுதல் அறிவை வளர்த்தல் ஆகாது. படியாத பாடத்தை இக்குளிசை எவர்க்கும் நினைவூட்டியதில்லை.

மேலே மூச்சுக் குழலைப் பற்றிக் கூறியதை இங்கே நினைவுகூர்க. அற்றெனோலோல், பைசோபுரோலோல் போல்வன இதயத்தின் பூட்டையே பெரிதும் நாடுவன. புரொப்பிரனோலோல் இரண்டையும் அடைக்கும். தொய்வு என்றும் முட்டு என்றும் நம்மவர் கூறும் ஆஸ்மா உடையார்க்கு மூச்சுக் குழலை விரித்து வைப்பது இப்பூட்டே. அதனை அடைத்தால் குழல் சுருங்கும். அவர் இழுத்து மூச்சுவிடும் மருந்தும் அப்பூட்டின் வழியே வேலை செய்வதாகலின், அம்மருந்தும் அப்போது வலியிழக்கும். இதயத்தையே நாடும் வகையினையும் இத்தகையோர் வைத்தியர் அறியாது உண்ணலாகாது. நான் அறிந்த மாணவன் ஒருவன், உயர்தரப் பரீட்சை நாளன்று நண்பன் அன்பாற் கொடுத்த அரைக் குளிசையை உண்டு, முதல் மணி முடியுமுன் மூச்சுத் திணறி வெளியே கொண்டுவரப்பட்டான். சிறுவயதில் தனக்கு முட்டு இருந்ததை அவன் மறந்திருந்தான். நண்பனுக்கோ அது தெரியாது. அவன் பிழைத்தான். அவ்வாண்டுப் பரீட்சை பிழைக்கவில்லை.

சலரோகத்திற்கு இன்சுலின் முதலியன கொள்வார்க்கும் இடர் உண்டு. குருதியிற் சர்க்கரை தாழும்போது நடுக்கமும் படபடப்புமே அவர்க்கு முன்னறிவிப்பாகும். இக்குளிசை அம்முன்னறிவிப்பை மறைத்துவிடும். வியர்வை மாத்திரம் எஞ்சி நிற்கும். நாடி முன்னரே மிகத் தாழ்ந்தவர்க்கும் இது தீது. கைகால் குளிர்தல், சோர்வு, கெட்ட கனவு என்பன சிலர்க்கு வரும். எனக்கு வந்தவை கனவுகளே. அவற்றுட் பெரும்பான்மை விடைத்தாள் திருத்துவதாகவே அமைந்தன. அளவு மிஞ்சின் உயிர்க்கே முடிவாகக்கூடிய மருந்தாகலின், வீட்டில் இளையோர் கைக்கெட்டாத இடத்திற் பூட்டி வைத்தல் இன்றியமையாதது.

ஒருவன் படபடப்பு அச்சத்தால் வந்ததா, வேறொன்றால் வந்ததா என்பதைக் குளிசை அறியாது. தைரொயிட்டுச் சுரப்பி மிகச் சுரந்தாலும், குருதிச்சோகை உற்றாலும், இதயத்தின் மின்னொழுங்கு பிறழ்ந்தாலும் நெஞ்சு இவ்வாறே அடிக்கும். விடியுமுன் நான்கு கோப்பை பிளேன்ரீ குடித்து விழித்துப் படிப்பவனுக்கும் அடிக்கும். குளிசை இவையெல்லாவற்றிலும் குறியைச் சிறிது அடக்கிக் காரணத்தை மறைக்கவுங் கூடும். ஆதலின் முதலில் வைத்தியரிடஞ் செல்க. ஈ.சி.ஜி. எடுத்தலும் குருதிப் பரிசோதனையும் பெரிய காரியங்கள் அல்ல. நமக்கு அண்மையிற் களுபோவிலைப் போதனா வைத்தியசாலை உளது. படபடப்போடு மயக்கமோ நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ நேர்ந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தார் இருந்தாலும், மறுநாளுக்கென ஒத்திவைத்தலாகாது.

யாழ்ப்பாண வழக்கிலுள்ள பதகளிப்பு என்னும் சொல்லையே ஈழத்து உளமருத்துவர் இந்நோய்க்குப் பெயராக ஆளுகின்றனர். நல்ல சொல். பதறுதலும் களைத்தலும் அதனுள் ஒருங்கே ஒலிக்கின்றன. வெள்ளவத்தைப் பகுதியில் வாழ்ந்த நம் பழைய மாணவர் பலர்க்கு 1983 ஆடி மாதம் கற்பித்த படபடப்பு ஒன்று உண்டு. இரவிற் கதவு தட்டும் ஓசை, தெருவிற் கூட்டத்தின் இரைச்சல், பின்னர்ச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டும் கை ஆகியவற்றால் நிலைபெற்றது அது. நாற்பதாண்டு கடந்தும் பட்டாசு ஒலிக்கு நெஞ்சு அதிர்வார் நம்முள் உளர். இத்தகைய நெடுநாட் பதகளிப்புக்குப் பீற்றாத் தடுப்பு மருந்து தீர்வாகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. உளமருத்துவரோடு பேசிப் பெறும் சிகிச்சையும், வேண்டுமாயின் வேறு மருந்துகளும் அதற்கு உள. இதயம் பலவீனமானது என்று சொல்லிக் கொள்வதில் நாணாத நம் ஆடவர், மனம் அஞ்சுகிறது என்று சொல்ல நாணுகின்றனர். அதனாற் பலர் நெஞ்சு வைத்தியரிடமே ஆண்டுக் கணக்காகப் போய் வருகின்றனர்.

வைத்தியர் ஆராய்ந்து கொடுத்தவிடத்து இக்குளிசை நல்லதோர் உதவியே. மேடையேறுவார்க்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன் சிறிய அளவு கொடுப்பர். ஆயினும் வேறு வேலையில்லாத ஒரு நாளில் முதலில் உண்டு பார்க்குமாறு சொல்வர். தனக்கு அஃது எவ்வாறு இசையும் என்பதனைப் பேச்சு மேடையில் அறிதல் காலங் கடந்த அறிவாகும். நாடோறும் உண்டு வருவோர் தாமாகத் திடீரென நிறுத்துதல் பெருங்கேடு. நெடுநாள் அடைபட்டிருந்த பூட்டுகள் ஒருங்கே திறக்குமாதலின் இதயம் முன்னிலும் வேகமாக அடிக்கும். நெஞ்சு நோவுடையார்க்கு மாரடைப்பும் வரலாம். எனக்கு நிறுத்தும் காலம் வந்தபோது, வைத்தியர் கிழமைக் கணக்கிற் சிறிது சிறிதாகவே குறைப்பித்தார்.

சபை அச்சம் உடைய மாணவர்க்கு ஆசிரியர் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் மூவர் ஐந்து நிமிடம் பேசுவர். பேசுமுன் ஒவ்வொருவனும் மணிக்கட்டில் விரல் வைத்துத் தன் நாடியை எண்ணிக் கரும்பலகையில் எழுதல் வேண்டும் என்பது விதி. எண்ணைக் கண்டு சிரிப்பார் சிரிப்பர். ஆயினும் எல்லார் எண்ணும் உயர்ந்தே இருத்தலைக் கண்டபின் சிரிப்புக் குறைந்தது. முதல் முறை 124 என்று எழுதிய மாணவன், எட்டாம் முறை 96 என்று எழுதினான். பயிற்சியின் பயன் கண்டாயா என்று கேட்டேன். இன்று காலை தேத்தண்ணீர் குடிக்கவில்லை சேர், அதுவுங் காரணமாயிருக்கலாம் என்றான்.