வாடிக்கையாளர் பக்கத்துத் திரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை எந்த ஸ்டூடியோவிலும் இதைப் பார்க்கலாம். கலியாண அல்பத்துக்குப் படம் தெரிவு செய்யப் பொண்ணின் உம்மா, மாமி, ராத்தாமார், அவர்களின் பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே வந்து உட்காரும். எல்லோரும் எடிட் செய்கிறவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் பல கடைகளில் இரண்டாவது மொனிட்டர் வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால், ஒரு குடும்பம் தன் படங்களை நம்மிடம் தருவது அமானிதமாக. அந்தத் திரையைப் பூட்டும் விதத்தில் அமானிதம் காக்கப்படவும் செய்யும், கைநழுவவும் செய்யும்.

நம்பிக்கை: இரண்டு திரையிலும் ஒரே காட்சி தெரிந்தால் போதும்.

இதுதான் மிகவும் ஆபத்தானது. விண்டோஸ் விசையோடு P-யை அழுத்தினால் ‘டூப்ளிகேட்’, ‘எக்ஸ்டெண்ட்’ என்ற தெரிவுகள் வரும். பலர் டூப்ளிகேட்டில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தேடித் திறக்கும்போது, போன கிழமை எடுத்த வேறொரு வீட்டுக் கலியாணத்தின் சிறுபடங்கள் முழுக்க இவர்கள் முன்னால் விரிந்துவிடும். பெண்கள் மட்டும் இருந்த அறையில், முக்காடு இல்லாமல், மருதோன்றி இட்ட கையோடு எடுத்த படங்கள் அவற்றில் இருக்கலாம். கணவனும் உடன்பிறந்தாரும் தவிர வேறு ஆண் பார்க்கக் கூடாது என்று சொல்லித்தான் அந்தப் பிள்ளை படமெடுக்கவே சம்மதித்திருப்பாள். இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பார்த்த முகம் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும்.

எக்ஸ்டெண்டில் வைத்தால் நீங்கள் அனுப்பும் படம் மட்டுமே அந்தப் பக்கம் போகும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் F11-ஐ அழுத்தினால் இரண்டாவது சாளரம் திறக்கும். அதை ஒற்றைப் படக் காட்சியில் வைத்தால் தேடலும் சிறுபடங்களும் உங்கள் திரையிலேயே நிற்கும். உங்கள் திரையையே பிரதான திரையாக வையுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகள் பிரதான திரையில்தான் எழும். வாடிக்கையாளர் திரையின் பின்னணியில் போன ஜோடியின் படம் வேண்டாம். வெறும் சாம்பல் நிறம் போதும். நிறத்தைக் கண் சரியாக மதிப்பிடவும் அது உதவும்.

திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் இதில் சேர்த்தி. ஐபிஎஸ் வகை மொனிட்டரில் பக்கவாட்டில் இருப்பவருக்கும் நிறம் அதிகம் மாறாது. வாங்கில் வரிசையாக உட்காரும் குடும்பத்துக்கு அதுவே நல்லது. பழைய டிஎன் வகையில் ஓரத்தில் இருக்கும் மாமிக்குப் படம் வெளிறித் தெரியும். ஆனால், ஐபிஎஸ்ஸின் அதே குணத்தால் வீதியில் நிற்கிறவருக்கும் தெளிவாகத் தெரியும். ஆகவே திரையின் முதுகு கடை வாசலைப் பார்க்கட்டும். கண்ணாடிக் கதவின் வெளிச்சம் திரையில் விழாமலும் போகும்.

நம்பிக்கை: பெரிய டீவியை மாட்டினால் அல்பம் நன்றாக விற்கும்.

விற்கும். பிறகு சண்டையும் வரும். 24 அங்குல மொனிட்டரின் உயரம் ஏறத்தாழ 30 சென்றிமீற்றர். அதில் நிறைவாகத் தெரியும் படம் 18×12 அங்குலப் பிரிண்டின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். வாடிக்கையாளர் எதைப் பார்க்கிறாரோ அதே அளவு அவர் கைக்கு வரும். 43 அங்குல டீவியோ அதே படத்தை மூன்று மடங்குப் பரப்பில் காட்டும். டீவிக் கடையில் பளபளக்க வைத்திருக்கும் ‘விவிட்’ நிறமும் கூடுதல் கூர்மையும் முகத்தைச் சிவப்பேற்றிக் காட்டும். சில டீவிகள் படத்தின் ஓரங்களையும் வெட்டிவிடும். டீவிதான் கையில் இருக்கிறது என்றால் விவிட்டை விட்டு ‘சினிமா’ முறைக்குப் போங்கள், கூர்மையைக் குறையுங்கள், ஓரம் வெட்டுவதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: அல்பத்தில் படம் கறுப்பாக வந்தால் பிழை லேபுடையது.

பெரும்பாலும் பிழை நம் திரையின் வெளிச்சத்தில். மொனிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்தால் பல ரகங்கள் சதுர மீற்றருக்கு 250 கண்டெலாவரை போகும். பிரிண்டோடு ஒப்பிட 80 முதல் 120 வரை போதும். காகிதம் தானாக ஒளிராது, மேலே விழும் ஒளியைத்தான் திருப்பும். அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஒரு வெள்ளை ஏ4 தாளைக் கடை விளக்கின் கீழ் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, வெற்று வெண்திரையும் தாளும் ஒத்த வெளிச்சத்தில் தெரியும்வரை குறைக்கலாம். விளக்கு 6500K என்று எழுதியதாக இருக்கட்டும். மஞ்சள் பல்பின் கீழ் எந்த ஒப்பீடும் நிற்காது. நிறம் அளக்கும் கருவியை நாலு கடைக்காரர் சேர்ந்து வாங்கினால் யாருக்கும் பாரமில்லை. அதை இரண்டு திரைக்கும் தனித்தனியே ஓட்ட வேண்டும்.

வெளிச்சத்தைப் போலக் கூர்மையிலும் திரை ஏமாற்றும். ஃபுல் எச்டி திரையில் 20 இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள்தான். 24 மெகாபிக்சல் படத்தை அதில் நிறைவாகக் காட்டும்போது பன்னிரண்டில் ஒரு பங்கு புள்ளிகூடத் தெரியாது. பெரிய பிரேமுக்குப் போகும் படத்தை நூறு வீதம் பெருப்பித்து, கண் கூர்மையாக இருக்கிறதா என்று வாடிக்கையாளருக்கே காட்டிவிடுங்கள்.

நம்பிக்கை: விலை கூடிய வயரும் தனிக் கிராபிக்ஸ் கார்டும் கட்டாயம்.

இல்லை. எச்டிஎம்ஐ இலக்கச் சமிக்ஞை. இரண்டு மீற்றர் தூரத்துக்கு ஒழுங்காக வேலை செய்யும் மலிவு வயரும் அதே நிறத்தைத்தான் தரும். பெரும்பாலான லப்டொப்களில் எச்டிஎம்ஐ துளை ஏற்கெனவே உண்டு. மேசைக் கணினியில் கார்டு இருந்தால் இரண்டு மொனிட்டரையும் அந்தக் கார்டிலேயே செருகுங்கள்.

நம்பிக்கை: இது கலியாண வேலைக்கு மட்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையில் கடல் கொண்டுபோன வீடுகளோடு அல்பங்களும் போயின. தப்பிய ஒற்றைப் படத்தை, உப்புநீர் தின்ற ஓரத்தோடு, திருத்தக் கொண்டுவரும் குடும்பங்களுக்குத்தான் இந்தத் திரை மற்றெல்லோரையும்விட அதிகம் உதவும். வாப்பாவின் தாடி எவ்வளவு நரைத்திருந்தது, நெற்றித் தழும்பு எந்தப் பக்கம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் மகளுக்குத் தெரியும். ஸ்கேன் செய்த மூலத்தை வாடிக்கையாளர் திரையின் ஒரு பாதியில் தொடாமல் வையுங்கள், திருத்துவதை மறு பாதியில் காட்டுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரிடம் கேளுங்கள். தானாக முகத்தைத் தெளிவாக்கும் கருவிகள், படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் கற்பனையாக வரைந்துவிடும். அதை அவர் சம்மதமின்றிச் சேமிக்காதீர்கள். வேலை முடிந்ததும் திருத்தாத ஸ்கேனின் ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.