உடனுண்ணலும் விலகலும்: மதுரைக் கிறித்தவப் பணித்தளங்களில் உறவுக் கட்டுப்பாடு (1606–1850)

ஆய்வுச்சுருக்கம்

கட்டுப்பாடு மிக்க சமயக் குழுக்கள் தம் உறுப்பினர் யாரோடு பழகலாம், யாரோடு உண்ணலாம் என்பதை வரையறுக்கின்றன. புறச்சமயத்தாரை விலக்குவதே இவ்வரையறையின் நோக்கம் என்பது பொதுவான கருத்து. மதுரையில் 1606இல் இராபர்ட்டு தெ நொபிலி தொடங்கிய பணியையும், 1834இல் கால்கொண்ட அமெரிக்க மதுரை மிஷன் பணியையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒரே சமயத்தாருக்கு இடையிலும் இக்கட்டுப்பாடு செயற்பட்டது என்பதும், உறவை விலக்கிய நெறியும் உறவைக் கட்டாயமாக்கிய விதியும் உடனுண்ணலையே அளவுகோலாகக் கொண்டன என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: உடனுண்ணல், சகவாசம், விலக்கு, மதுரை மிஷன், சாதி, சமயக் கட்டுப்பாடு.

1. முன்னுரை

உறுப்பினரின் முழு ஈடுபாட்டையும் தமக்கே கோரும் நிறுவனங்களைப் ‘பேராசை நிறுவனங்கள்’ எனச் சமூகவியலறிஞர் லூயிஸ் கோசர் 1974இல் பெயரிட்டார். கடுமையான விதிகள் அரைமனத்தோரை வடிகட்டுகின்றன என்றும், வெளியுறவுகள் சுருங்குந்தோறும் உள்ளீடுபாடு பெருகுகிறது என்றும் லாரன்ஸ் அயனகோன் 1994இல் விளக்கினார். இவ்விரு விளக்கங்களும் சமய எல்லையும் நட்பின் எல்லையும் ஒன்றெனக் கொள்கின்றன. அகத்தார் நண்பர், புறத்தார் அயலார். மதுரை வரலாறு இக்கருதுகோளுக்கு முழுமையாக இணங்கவில்லை. அங்குச் சமய எல்லைக்குள்ளேயே மற்றோர் எல்லை இருந்தது.

2. தமிழ்ச் சமய மரபில் சகவாசம்

உறவைச் சமய ஒழுக்கத்தின் பகுதியாக வகுப்பது ஐரோப்பியப் பணியாளர் கொணர்ந்த புதுமை அன்று. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தன் பன்னிரண்டாம் சூத்திரத்தில், மலம் நீங்கிய உயிர் அடியாரோடு கூடியிருத்தலை விதிக்கிறது. பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம், முன்னோரான ஆசாரியர்களின் சொல்லையும் ஒழுக்கத்தையும் கொள்ளத்தக்கனவாகவும், வைணவரல்லாதாருடன் கூடி வாழ்தலைத் தள்ளத்தக்கதாகவும் வகுக்கிறது. மதுரையை அடுத்த சோதிஷ்குடியில் அவர் தம் இறுதிநாள்களைக் கழித்தார் என்பது வைணவ மரபு.

இந்நூல்கள் கூறுவன இரண்டு: யாரோடு சேர்வது, யாரை விட்டு விலகுவது. விலகுவோர்க்குச் சேர்வதற்கு ஓர் அடியார் கூட்டம் உண்டு என்பது இவ்விதிகளின் உள்ளீடு. ஆகவே ஓர் உறவுக் கட்டுப்பாட்டை மதிப்பிட, எதை விலக்கியது என்பதோடு எதை ஈடாகத் தந்தது என்பதையும் கேட்டல் வேண்டும். பின்வரும் இரு நிகழ்வுகளும் இவ்விரு வினாக்களைக் கொண்டே ஆராயப்படுகின்றன.

3. 1606: உடன்சமயத்தாரை விலகி நிற்றல்

நொபிலி 1606இல் மதுரை வந்தபோது, இயேசு சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் 1595 முதல் அந்நகரில் பணியாற்றி வந்தார். நகரில் தங்கிய பரதவக் கிறித்தவர்களும் போர்த்துக்கீசியரும் அவருடைய சபையினர். நகரத்தின் உயர்சாதியினர் அச்சபையை நெருங்கவில்லை. இதற்குக் காரணம் கோட்பாட்டு வேறுபாடு மட்டுமன்று. மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் ‘பறங்கி’யரோடு சேர்ந்தால் சாதி கெடும் என்ற அச்சமே முதன்மையானது. கிறித்தவராதல் என்பது பறங்கியராதல் என்றே பொருள்படலாயிற்று.

நொபிலி இதனைக் கண்டு, பெர்னாண்டஸின் இல்லத்தினின்று பிரிந்து தனிக்குடிலும் தனிக்கோயிலும் அமைத்தார். துறவியர்க்குரிய காவியுடை தரித்து, சோறும் காய்கறியும் ஒருவேளை மட்டும் உண்டார். ‘தத்துவ போதகர்’ எனப் பெயர் பெற்றார். அவரால் திருமுழுக்குப் பெற்றோர் குடுமியும் பூணூலும் களையாது, தம் உறவினரோடு பழைய முறையிலேயே வாழ்ந்தனர். ஆயின் அதே நகரில் அதே திருமறையைப் பின்பற்றிய பரதவர்களோடு அவர்கள் ஒரே கோயிலில் கூடவில்லை.

இங்குக் கட்டுப்பாட்டின் திசை கருதத்தக்கது. புதிதாகச் சேர்ந்தவர் புறச்சமயச் சுற்றத்தை இழக்க வேண்டியதில்லை. அவருக்கு விலக்கப்பட்டது உடன்சமயத்தாரின் உறவேயாகும். மதமாற்றத்தின் சமூக விலை குறைக்கப்பட்டது. அவ்விலையைச் செலுத்தியவர்கள் ஏற்கெனவே கிறித்தவராயிருந்த எளியோர்.

4. முறையீடும் இசைவும்

பெர்னாண்டஸ் 1610இல் இதனை மேலிடத்துக்கு முறையிட்டார். புதிய சபை பழைய சபையோடு தொடர்பற்றுத் தனித்து நிற்கிறது என்பது அவருடைய குறைகளுள் ஒன்று. நீண்ட வாதத்திற்குப் பின், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றுக்கு இசைவளித்தார். அவ்வாணையிலேயே, உயர்குடியினர் தாழ்ந்தோரை, சிறப்பாக இறைவன் இல்லத்தில், இழிவாகக் கருதலாகாது என்ற வேண்டுகோளும் இடம்பெற்றது. அடையாளங்களுக்குக் கிடைத்தது இசைவு. உறவுக்குக் கிடைத்தது வேண்டுகோள் மட்டுமே.

1640இல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கிய பண்டாரசாமிகள் முறை, எல்லாச் சாதியினரையும் அணுகும் வாயிலைப் பணியாளர்க்குத் திறந்தது. இதனால் பணியாளரின் தொடர்பு விரிந்ததேயன்றி, உறுப்பினரிடையே இருந்த விலக்கு நீங்கவில்லை. 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் வெளியிட்ட ஆணை, நோயுற்ற பறையரின் இல்லம் சென்று அருளடையாளம் வழங்க மறுத்தலைத் தடை செய்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இச்சிக்கலை முடித்துவைத்தபோது, பறையர்களுக்கெனத் தனிப் பணியாளரை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த வாதம் ஒரே சபைக்கு இருவகைக் குருமார் என்ற தீர்வில் முடிந்தது.

5. 1847: உடனுண்ணலே சோதனை

யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பணியாளர்கள் இதற்கு எதிர்நிலை மேற்கொண்டனர். சாதியைப் பேணுவோர் மெய்க்கிறித்தவராதல் இயலாது என்பது அவர்கள் கொள்கை. 1847இல் மிஷன், சாதியைத் துறந்ததற்குச் சான்றாகப் பிற சாதியினரோடு உடனுண்ணுமாறு உபதேசியார் முதலியோரைக் கேட்டது. மறுத்தோர் பலர் சபைத் தொடர்பிலிருந்து நிறுத்தப்பட்டனர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் உடனுண்டு சாதியை முறிக்காதவர்க்குத் திருமுழுக்கு இல்லை என்ற நிலையை எடுத்தது.

உடனுண்டவர் ஊர் திரும்பியபோது அவரை எதிர்கொண்டது சாதி விலக்கு. மண உறவு, இழவு வீட்டுப் பங்கேற்பு, பங்காளிகளின் விருந்து ஆகியன அனைத்தும் அந்த ஒருவேளை உணவோடு இணைந்திருந்தன. உண்ணாதவரோ சபையையும், உபதேசியாராயின் பிழைப்பையும் இழந்தார். லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி வழக்கத்தில் தளர்வு காட்டியமையால், தஞ்சைப் பகுதியில் ஆங்கிலிக்கச் சபையை விட்டு அதனை நாடியோர் உண்டு. கடுமை அரைமனத்தோரை வடிகட்டும் என்னும் அயனகோனின் கூற்று இங்குப் பொருந்துவது போலத் தோன்றும். ஆயின் வடிகட்டப்பட்டது இறைப்பற்றின் குறைவா, சுற்றத்தின் மீதுள்ள பற்றின் மிகுதியா என்பதை அச்சோதனை பிரித்தறியவில்லை.

6. ஒப்பீடு

நொபிலியின் முறை சுற்றத்தைக் காத்து, சபைக்குள் உறவை மறுத்தது. அமெரிக்க மிஷனின் முறை சபைக்குள் உறவை வலியுறுத்தி, சுற்றத்தை இழக்கும் நிலைக்கு உறுப்பினரைத் தள்ளியது. அறநோக்கில் இரண்டும் ஒன்றல்ல. முன்னது ஏற்றத்தாழ்வுக்கு இடம் தந்தது. பின்னது அதனை எதிர்த்தது. செயல்முறையில் மட்டும் இரண்டும் ஒன்றுபடுகின்றன: யார் யாரோடு உண்பது என்பதை நிறுவனமே முடிவு செய்தது, மீறலின் விளைவை உறுப்பினரே ஏற்றார்.

ஒரு வேறுபாடும் இங்குச் சுட்டற்குரியது. 1847இன் சோதனைக்கு முதலில் உள்ளானவர்களுள் மிஷனிடம் ஊதியம் பெற்ற உபதேசியார் இருந்தனர். ஊதியம் தருவோர் கேட்க நிகழும் உடனுண்ணல் பந்தியை ஒன்றாக்கலாம். நட்பை ஆக்கும் எனல் இயலாது. அதேவேளை, பந்தியில் இடமே மறுக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்டோர்க்கு அவ்விதி வெறும் சடங்கன்று. உயர்சாதியினர்க்கு இழப்பாகத் தோன்றிய அந்த உணவு அவர்களுக்கு ஏற்பாக அமைந்தது. ஆதலின் உறவுக் கட்டுப்பாட்டை உறுப்பினர் அனைவர்க்கும் பொதுவான ஒரே சுமையாகக் கொள்ளுதல் பிழையாகும்.

7. முடிவுரை

சமயக் குழுக்களின் உறவுக் கட்டுப்பாடு அகம், புறம் என்னும் இருமையில் மட்டும் அடங்குவதன்று என்பதையும், குழுவுக்குள் அதன் பயனும் இழப்பும் சாதியை ஒட்டிப் பங்கிடப்பட்டன என்பதையும் மதுரைச் சான்றுகள் காட்டுகின்றன. விலக்கப்பட்டோர்க்கு மாற்றுச் சுற்றம் கிடைத்ததா என்பதே கட்டுப்பாட்டின் கடுமையை அளக்கும் தக்க வினா.

இவ்வினா பழங்காலத்தோடு முடிந்ததன்று. சமூகத்தினின்று விலக்கிவைத்தலைத் தடுக்கும் 1949ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தை, தாவூதி போரா சமூகத் தலைவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாதென அறிவித்தது. விலக்கும் அதிகாரத்தைச் சமய உரிமையின் பகுதியாகப் பெரும்பான்மை நீதிபதிகள் கண்டனர். குழுவின் உரிமையாகச் சட்டம் கண்ட அதுவே, உண்டதாலோ உண்ணாததாலோ விலக்கப்படும் தனிமனிதர்க்குச் சுற்றத்தின் இழப்பாகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் ஆய்வே தமிழகச் சமய வரலாற்றுக்குப் பயன்தரும்.