கோடிக்கரைக் காட்டின் மழைக் குட்டைகள்

கோடிக்கரைக் காட்டில் வடகிழக்குப் பருவமழையின்போது மணல்மேடுகளுக்கு இடையேயுள்ள பள்ளங்களில் நீர் தேங்கிக் குட்டைகளாகும். கோடையில் அவை வற்றிவிடும். வற்றிப்போகும் குட்டையால் யாது பயன் என்று குடியானவர்கள் கேட்பதுண்டு. வற்றுவதே அதன் விசேஷம். வருஷம் முழுவதும் நீர் நிற்குமாயின் மீன் விருத்தியாகும். மீனுள்ள நீரில் தவளை முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் தப்புவது அரிது. ஆதலின் மழைக்காலத் தவளைகள் பல இத்தகைய ஆழமற்ற நீரையே நாடி முட்டையிடுகின்றன. பெருந்தவளையின் தலைப்பிரட்டை உருமாறிக் கரையேற ஒரு மாதமோ சற்று அதிகமோ ஆகும். அதுவரையில் நீர் நின்றாற் போதும். கரையேறியவை வயல்களிற் பரவிப் பூச்சிகளைத் தின்னும். தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் 1987ல் தடை செய்ததற்கு இந்த உபகாரமும் ஒரு காரணமாகும்.

மாறிவரும் பருவநிலை இக்கணக்கையே குலைக்கிறது. பூமியின் வெப்பம் ஏறுந்தோறும் காற்று மிகுந்த நீராவியைத் தாங்குகிறது. பெய்யுங்கால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. மழை ஓய்ந்த நாட்களிலோ குட்டை நீர் விரைந்து ஆவியாகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 2015ல் சராசரியினும் நூற்றுக்கு 53 பங்கு மிகுந்தது. 2016ல் 62 பங்கு குறைந்தது. ஒரு வருஷத்து ஏற்றத்தாழ்வு முழுவதையும் வெப்பத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. பஞ்சமும் வெள்ளமும் முன்னரும் உண்டு. ஆயினும் முதல் மழைக்கு முட்டையிட்ட பின்னர் மழை பல நாள் ஓய்ந்து குட்டை காயுமாயின், பருவத்தின் மொத்த மழை குறையாவிடினும் அவ்வீட்டுத் தலைப்பிரட்டைகள் யாவும் மடியும்.

இக்காட்டிற்கு உப்பு மற்றோர் அபாயம். மணலில் இறங்கிய மழைநீர், கனம் மிகுந்த உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. வேதாரணியத்து மணற்பாங்கில் ஊற்று தோண்டி இறைப்பவர்கள் இதனை நன்கறிவர். கடல்மட்டம் உயர்வதால் உப்பு கீழிருந்து நெருங்கும். 2018 நவம்பர் 16ல் கரை கடந்த கஜாவைப் போன்ற புயல்களில் கடல்நீர் ஏறினால் மேலிருந்தும் புகும்.

குட்டைகளை ஆழ வெட்டினால் நீர் நிற்குமென்று சிலர் கூறுவர். இவ்விடத்திற்கு அது தகாது. ஆழ வெட்டினால் நன்னீர்ப் படலம் அறுந்து உப்புநீர் ஊறும். மீன்குஞ்சு விடுதலும் கூடாது. தொட்டியில் நீர் நிரப்புவது வெளிமானின் தாகம் தீர்க்கும், தவளைக்கு உதவாது.

காட்டையடுத்த நிலத்தார், பள்ளங்களுக்கு மழைநீர் ஓடிவரும் வழியை வரப்பிட்டு மறித்தலாகாது. காட்டோரக் கிணறுகளில் அளவறிந்து இறைத்தல் வேண்டும். தம் நிலத்துச் சீமைக்கருவேலைக் காய்க்குமுன் வேரோடு அகற்றுக. அதன் நெற்றைத் தின்ற மாடுகளும் மட்டக்குதிரைகளும் சாணத்தின் வழியே விதையைக் காட்டினுட் கொண்டு சேர்க்கின்றன.