பார்த்துத் தீட்டிப் பழகுவோம்

ஓவியர் வின்சென்ட் வான்கோ 1889 மே மாதத்தில், பிரான்சு நாட்டின் சேன் ரெமி என்னும் ஊரில் இருந்த மனநல மருத்துவமனையில் தாமாகவே சேர்ந்தார். ஓராண்டு அங்குத் தங்கினார். வெளியே செல்ல இயலாத நாட்களில், மில்லே என்னும் முந்தைய தலைமுறை ஓவியரின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சில் பார்த்து, எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அப்பணி தமக்குக் கற்பிக்கிறது, சில வேளைகளில் ஆறுதலும் தருகிறது என்று தம் தம்பிக்கு எழுதினார்.

ஓவியம் அவருடைய நோயைத் தீர்த்துவிடவில்லை. மருந்துக்கு மாற்றாக நாமும் அதைக் கூறவில்லை. ஆயினும் நோயாளிக்கும் உடனிருந்து காப்பவருக்கும், நோயைத் தவிர வேறொன்றை உற்று நோக்க ஒரு மணி நேரம் கிடைப்பது சிறிய பேறன்று.

செவ்வாய்ப்பேட்டையில் கடல் இல்லை. ஆனால் கைதேர்ந்தவரின் வேலையைப் பார்த்துப் பழகுவது நம் கொலுசுப் பட்டறைகளுக்குப் புதிதன்று. அவ்வாறே, 1888 ஜூனில் சேன்ட் மரி கடற்கரையில் வான்கோ தீட்டிய கடற்காட்சி ஒன்றை நாம் பார்த்துத் தீட்டுவோம். அவர் கரையிலேயே நின்று தீட்டியதால், அதன் வண்ணப் பூச்சில் மணல் துகள்கள் இன்றும் ஒட்டியிருக்கின்றன.

முதலில் பத்து நிமிடம் படத்தைப் பார்க்க மட்டும் செய்க. கடல் வெறும் நீலமன்று. அலைகளில் பச்சையும் மஞ்சளும் உள்ளன. பின்னர் படத்தின் மீதும் பலகையின் மீதும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் வரைந்து, தொடுவானத்தையும் படகுகளையும் உரிய கட்டத்தில் குறித்துக்கொள்க. வானம், தொலைக்கடல், அருகிலுள்ள அலை என்ற வரிசையில் தீட்டுக. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் நாளடைவில் வெடிப்பு விழும். அலையின் பச்சையை வான்கோ கத்தியால் இழுத்துப் பூசினார். நாமும் அவ்வாறே செய்யலாம். இறுதியில், பச்சைக்கு எதிரே ஒரு சிவப்பு வேண்டும் என்று தம் கையொப்பத்தையே அவர் சிவப்பில் இட்டார். ஒரு சிறு சிவப்பு கடலை எவ்வளவு மாற்றுகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

சில எச்சரிக்கைகள்: டர்பன்டைன் ஆவி மூச்சுக்குழாயை உறுத்தும். ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளோரும் கருவுற்றோரும் அதைத் தவிர்க்க. தூரிகையைத் துணியால் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, சோப்பால் கழுவினால் போதும். சன்னல்கள் திறந்திருக்கட்டும். கையில் ஆறாத புண் இருப்பின் கையுறை அணிக. தீட்டும்போது உண்ணலாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடியே இறுகுகிறது. அப்போது வெப்பம் உண்டாகும். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தானே தீப்பற்றக்கூடும். ஆகவே அவற்றை நீரில் நனைத்து அப்புறப்படுத்துக. புற்றுநோய் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

படம் உலர நாட்கள் பல ஆகும். சோர்வு வந்தால் நிறுத்துக, வண்ணம் காத்திருக்கும். முடிந்ததும் கீழே ‘வான்கோவைப் பார்த்துத் தீட்டியது’ என எழுதுக. மூலம் போல் அமையவில்லையே என வருந்த வேண்டா. மில்லேயைப் பார்த்து வான்கோ தீட்டியவையும் மில்லேயைப் போல் இல்லை. மறுபரிசோதனைக்கு வரும் நாளில் உங்கள் கடலை எங்களுக்கும் காட்டுக.