வீட்டிலும் தோட்டத்திலும் மின்கருவிகள்: கசிவும் காப்பும்

சென்ற வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயத்தில், நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளை ஆய்வு செய்ய நாம் சென்றிருந்தோம். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோது, அங்கத்தினர் ஒருவர் காலமானபடியால் அவருடைய பங்குத் தொகையையும் சிக்கன நிதியையும் நியமனதாரராகிய மனைவிக்கு வழங்குவதென ஒரு தீர்மானம் கண்ணில் பட்டது. வயது நாற்பத்தொன்று. காரணம் என்ற இடத்தில் “மின்சாரம் தாக்கி” என்று இரண்டே சொற்கள். ஆய்வுக்கு அது தேவையான விஷயமன்று. ஆயினும் மனம் கேளாமல், காரியதரிசியை உடன் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குச் சென்றோம்.

முன்கூடத்தில் குழித்தறி. பாவு பாதியில் நின்றிருந்தது. தறிக்குழியின் ஓரத்தில், கையெட்டும் தூரத்தில், இரும்புச் சட்டத்தில் அமைந்த தார் சுற்றும் மோட்டார். இறந்தவர் குழிக்குள் வெறுங்காலோடு அமர்ந்தவாறே அதை நகர்த்தி வைக்கக் கை நீட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் தறிக்குழியின் மண் எப்படி ஈரம் கோத்திருக்கும் என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம்மைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. சுவரில் இருந்த பலகையில் கசிவுக்காப்பு ஸ்விட்சு ஒன்று மாட்டியிருந்தது. ஆனால் அதற்குள் செல்ல வேண்டிய கம்பிகள் அதைத் தொடாமல் புறமாகச் சுற்றி நேரே சென்றன. விசாரித்தபோது அந்த அம்மாள் சொன்னார்: “அது மழை பெய்தாலே விழுந்துகொண்டிருந்தது, ஐயா. பாவு நடுவில் விளக்கு அணைந்தால் எப்படி நெய்வது? ஒயரிங் பார்க்கிறவர் வந்து, இது கெட்டுப்போய்விட்டது, வேண்டாம் என்று கழற்றிவிட்டார்.” அது கெட்டுப்போகவில்லை என்பதே நம் கருத்து. அந்த வீட்டில் இருந்த பொருள்களுள் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஆகவே இம்மாதப் பாடமாக அந்தச் சிறு ஸ்விட்சையும், அதனோடு சேர்ந்த எர்த் கம்பியையும் எடுத்துக்கொள்வோம்.

அதன் பெயர் ஆர்.சி.சி.பி. கடைகளில் பழைய வழக்கப்படி இ.எல்.சி.பி. என்று கேட்பவரும் உண்டு. அது செய்யும் வேலை நம் சங்கக் கிடங்கில் தினந்தோறும் நடப்பதுதான். நெசவாளருக்குக் கொடுத்த நூலின் எடையையும், அவர் கொண்டுவந்த துணியின் எடையையும் எழுத்தர் ஒப்பிடுகிறார் அல்லவா? அனுமதித்த சேதாரத்துக்கு மேல் குறைந்தால் உடனே பேரேட்டை மூடிக்கொண்டு கேள்வி கேட்கிறார். இந்த ஸ்விட்சும் அவ்வாறே பேஸ் கம்பி வழியாக வீட்டுக்குள் சென்ற மின்னோட்டத்தையும், நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்பி வந்ததையும் இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை அது பேசாது. போனதில் ஒரு பகுதி திரும்பவில்லையென்றால், அது வேறு வழியாக, அதாவது ஈரச் சுவர் வழியாகவோ, எர்த் கம்பி வழியாகவோ, மனித உடல் வழியாகவோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள். வீடுகளுக்கான ஸ்விட்சு 30 மில்லி ஆம்பியர் குறைந்தவுடன், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

மில்லி ஆம்பியர் என்பது ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடலில் ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று உணர்வோம். ஏறத்தாழ பத்துக்கு மேல் போனால் பிடித்த கையை விட இயலாது. தசைகள் நம் சொல் கேளா. முப்பதைத் தாண்டிச் சற்று நேரம் நீடித்தால் மூச்சும் இருதயமும் தடுமாறும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நன்றாக நனைந்த உடலின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். அது பிராணனைப் போக்கப் போதும்.

“எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது” என்று பல அங்கத்தினர்கள் நம்மிடம் சொல்வதுண்டு. அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவை காப்பது கம்பியை, மனிதனை அன்று. பதினாறு ஆம்பியர் எம்.சி.பி. என்றால் பதினாறாயிரம் மில்லி ஆம்பியர் வரையில் அது வாய் திறவாது. ஒரு மனிதன் அகப்பட்டுத் துடிக்கும்போது பாயும் கால் ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டேயல்ல. இன்னுமொரு விளக்கு எரிவதாக எண்ணிக்கொள்ளும்.

இனி எர்த் கம்பி. மூன்று முனைப் பிளக்கில் தடித்ததாகவும் நீளமாகவும் உள்ள முனை அதற்குரியது. செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவுமே அது நீளமாக்கப்பட்டிருக்கிறது. துவாரத்தில் நுழையவில்லை என்று அதை அறுத்தெறிந்தவர்களை நாம் அறிவோம். ஒன்றினுள் ஒன்றாக இரண்டு சதுரங்கள் பொறிக்கப்பட்ட கருவிகளுக்கு மட்டும் எர்த் வேண்டியதில்லை. மற்றைய உலோக உடல் கொண்ட கருவிகள் யாவற்றுக்கும் அது அவசியம். உள்ளே காப்பு கெட்டு மின்சாரம் கருவியின் உடலுக்கு வந்துவிட்டால், நம் உடலைத் தேடாமல் மண்ணுக்குச் செல்ல எளிய வழி ஒன்றை அமைத்துத் தருவதே எர்த் கம்பியின் கடமை.

அந்த வழி மண்ணில் எங்கே முடிகிறது என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாம் சென்ற வீட்டில் புழக்கடையில் ஒரு குழாய் புதைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கம்பியைப் பிணைத்த கவ்வி துருவேறி, விரலால் தொட்டதும் ஆடியது. இத்தகைய இணைப்பின் தடை ஆயிரம் ஓம் என்று கொள்வோம். பழுதான மோட்டாரின் உடலிலிருந்து அதன் வழியே கால் ஆம்பியர்கூடச் செல்லாது. எம்.சி.பி. அசையாது; மோட்டாரின் உடலோ ஏறத்தாழ முழு 230 வோல்ட்டுடன் காத்திருக்கும். ஆனால் அதே கால் ஆம்பியர், 30 மில்லி ஆம்பியருக்கே துண்டிக்கும் கசிவுக்காப்பு ஸ்விட்சுக்குத் தாராளம். அது ஒவ்வொரு மழை இரவும் விழுந்தது இதனால்தான். மோட்டாருக்குள் பஞ்சுத்தூசு அடைந்து, மழைக்காலத்தில் அத்தூசு ஈரத்தை உறிஞ்சி, சுருளிலிருந்து சட்டத்துக்குப் பாலமாகியிருந்தது. வெயில் நாளில் காய்ந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றியிருக்கும். தூசை ஊதித் துடைத்திருந்தால், கவ்வியை மாற்றியிருந்தால், அல்லது ஸ்விட்சை மட்டுமாவது அதன் இடத்தில் விட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

ஸ்விட்சு விழுந்தால் செய்ய வேண்டியது இதுதான். வீட்டிலுள்ள கருவிகளின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு ஸ்விட்சை மேலே தள்ளிப் பாருங்கள். நின்றால், ஒவ்வொரு கருவியாகச் செருகுங்கள். எது செருகப்பட்டதும் விழுகிறதோ அதுவே குற்றவாளி. பழுது பார்க்கும்வரை அதை ஒதுக்கி வையுங்கள். எதுவும் செருகாமலே விழுந்தால் கசிவு சுவருக்குள் இருக்கிறது; மழைநீர் இறங்கும் சுவரில் பதித்த விளக்குப் பெட்டியும், எலி கடித்த கம்பியும் முதலில் சந்தேகத்துக்குரியவை. அதைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனிடம் விட்டுவிட வேண்டும். ஸ்விட்சில் சோதனைக்கென ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும். பல ஊர்களில் தறிக்கு ஓய்வு விடும் அமாவாசையன்று இதைச் செய்வது நினைவுக்கு எளிது. ஒன்றை மறைக்கலாகாது: பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருசேரத் தொடுபவரை இந்த ஸ்விட்சு காப்பாற்றாது. போனதும் வந்ததும் அங்கே சமமாகவே இருக்கும் அல்லவா?

எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது வழக்கமான முறை. கோடையில் வாரம் ஒரு குடம் நீர் ஊற்ற வேண்டும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. சில வீடுகளில் குழி வெட்டும் செலவுக்கு அஞ்சி, சாக்கெட்டிலேயே எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். தெருவில் நியூட்ரல் அறுந்த அன்று அவ்வீட்டுக் கிரைண்டர், இரும்பு பீரோ, குளிர்பெட்டி எல்லாம் ஒருங்கே உயிர் பெற்றுவிடும். இதைவிட எர்த் இல்லாமலிருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது; அதுவும் தவறு என்பதால் சொல்லாமல் விடுகிறோம்.

கிரைண்டரைக் குறிப்பிட்டோம். 2011-ஆம் ஆண்டில் தொடங்கி அரசு வழங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை நம் அங்கத்தினர் வீடுகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல உழைப்புதான், ஆனால் பத்தாண்டுக்கு மேற்பட்ட கம்பியின் உறை வெடித்திருக்கும். மாவு வழிந்து அடியிலுள்ள மோட்டாருக்குள் இறங்கிக் காய்ந்திருக்கும். “லேசாகச் சுரீரென்கிறது” என்று வீட்டுப் பெண்கள் சொன்னால், பலகையொன்றைப் போட்டு அதன்மேல் நின்று அரைக்கச் சொல்லும் ஆண்களை நாம் கண்டிருக்கிறோம். சுரீரென்பது கருவி கொடுக்கும் முன்னறிவிப்பு. அன்றே பிளக்கைப் பிடுங்கிப் பழுது பார்க்க அனுப்ப வேண்டும். கழுவுவதற்கும், கல்லை எடுப்பதற்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்குதல் நலம். ஸ்விட்சு தவறிப் போய் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தால், அணைத்த பின்னும் கருவிக்குள் மின்சாரம் நிற்கும்.

தோட்டக்கார அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள். மல்லிகைப் பாத்திக்கு நீர் பாய்ச்சும் சிறு மோட்டாருக்கு வீட்டிலிருந்து நீளக் கம்பி இழுத்து, நடுவே முறுக்கி, நாடா ஒட்டி, ஈர வரப்பின்மேல் போட்டிருப்பது சாதாரணக் காட்சி. அந்த ஒட்டு ஒரு மழைக்குத் தாங்காது. ஒட்டில்லாத ஒரே கம்பியாக, உறை மேல் உறையிட்ட வகையில் வாங்கி, கால் படாத உயரத்தில் கொண்டுபோக வேண்டும். கிணற்று மோட்டார் மூன்று பேஸ் உள்ளதானால் விதிப்படி அதற்குத் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும். ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டியையும் மறவாதீர்கள், நாம் நாள்தோறும் ஈரக்கையால் தொடுவது அதைத்தான். ஒரு பேஸ் போன இரவில் கொட்டகை விளக்கு எரிய வேண்டுமென்று எர்த் கம்பியையே நியூட்ரலாகப் பயன்படுத்தும் பழக்கம் மிகக் கொடியது. அந்தக் கம்பி எங்கேனும் அறுந்தால், அதனோடு பிணைந்த இரும்பெல்லாம் மின்சாரம் ஏந்தி நிற்கும். நீர்மூழ்கி மோட்டாரை மின்கம்பியைப் பிடித்துத் தூக்கலாகாது. பேட்டரித் தெளிப்பானை மருந்து வாசனையோடு ஈரத்தில் வைத்து மின்னேற்றாமல், கழுவி உலர்த்தி, உலர்ந்த இடத்தில் ஏற்றுவது பேட்டரிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

விவசாயிகளுக்கு 1990 முதல் மோட்டார் மின்சாரம் கட்டணமில்லை. கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த சலுகை 2023-இல் 300 ஆயிற்று. பணம் கொடுத்து வாங்காத பொருள் கசிந்தால் யாரும் தேடுவதில்லை என்பது நம் அனுபவம். இந்தக் கசிவை மீட்டரும் காட்டிக் கொடுக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவு ஏழு வாட் விளக்கு எரிவதற்குச் சமம்.

எவரேனும் மின்சாரத்தில் அகப்பட்டால் பதறிப்போய்த் தொடாதீர்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அது இயலாதாயின் உலர்ந்த மரக்கட்டையால் கையை விடுவியுங்கள். அறுந்து விழுந்த தெருக்கம்பியாயின் அருகே செல்லாமல் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள். விடுபட்டவர் மூச்சின்றிக் கிடந்தால் 108-க்கு ஒருவர் பேசட்டும். மற்றொருவர் அதே கணத்தில் அவரை மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் சேர்த்து வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு, நிமிஷத்துக்கு நூறுக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை” என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இருதயம் பிறகு தடுமாறுவதும் உண்டு.

கசிவுக்காப்பு ஸ்விட்சின் விலை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருக்கிறது. அதை ஒரே தவணையில் போடத் தயங்குவோர் உண்டு. அந்தச் சங்கத்தின் நிர்வாக சபையில் நாம் இதைச் சொன்னபோது, மொத்தமாக வாங்கிக் கொடுத்து, கூலியில் மாதத் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று காரியதரிசியே யோசனை சொன்னார். சான்று பெற்ற வயர்மேன் ஒருவரை அமர்த்தி வீடு வீடாக எர்த் குழிகளைப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. எந்தத் தெருவில் தொடங்குவது என்று கேள்வி எழுந்தபோது யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பாதிப் பாவை இறந்தவருடைய தம்பி நெய்து முடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். அவர் குழியில் இறங்குவதற்கு முன்பே அந்த வீட்டுக் கவ்வி மாற்றப்பட்டது.