தென்கடற் காவல்

திட்டக்குடியின் அருகே பாயும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையிற் கடலோடு கலக்கின்றது. அக்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீனினம் முட்டையிட்டுப் பெருகுதற்பொருட்டு அரசு விதித்த தடை அது. நம் கரையோரக் கடலுக்கு நம் அரசு காவலாக உளது. எந்நாட்டிற்கும் உரிமையாகாத கடலுக்குக் காவலர் யாவர்?

உலகின் தென்கோடியில் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த பனிக்கடல் பெரும்பாலும் அத்தகையது. அங்கும் மனிதனின் பேராசை புகுந்தது. 1969-70 ஆம் ஆண்டுப் பருவத்தில் தென் ஜார்ஜியாத் தீவின் அருகே ஒருவகைப் பாறைமீன் மட்டும் ஏறத்தாழ 4 இலட்சம் டன் பிடிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவ்வினம் மிக அருகிவிட்டது.

பின்னர்க் கப்பல்கள் கிரில் என்னும் சிற்றுயிரை நாடின. நம் கடற்கரையார் கூனி என வழங்கும் சிற்றிறாலைப் போன்ற தோற்றமுடைய அது, விரலளவே வளரும். ஆயினும் பென்குவினும் சீலும் மாபெருந் திமிங்கிலமும் அதனை உண்டே வாழ்கின்றன. கிரில் குறையின் அவையும் குறையுமன்றோ?

ஆதலின், 1980 இல் கான்பெரா நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அது 1982 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆணையம் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் ஆண்டுதோறும் கூடுகின்றது. இந்தியா 1985 இல் உடன்படிக்கையை ஏற்று, மறு ஆண்டு ஆணையத்தின் உறுப்பு நாடாயிற்று. 1995-96 இல் நம் நாட்டின் 'சாகர் சம்பதா' என்னும் ஆய்வுக் கப்பல் தென்கடல் சென்று கிரிலை ஆராய்ந்தது.

பிடிபடும் உயிரை மட்டுமன்றி, அதனை உண்டு வாழும் உயிர்களையும் கருதி அளவு வகுத்தலே இவ்வாணையத்தின் சிறப்பு. தென் அட்லாண்டிக் பகுதியிற் பிடிபட்ட கிரில் 6,20,000 டன்னை எட்டியதும், அப்பருவத்திற்கு அத்தொழில் நிறுத்தப்படும். 2016 இல் ராஸ் கடலில் 15 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பைக் காப்பகமாக்கவும் ஆணையம் முடிவு செய்தது.

எனினும், ஆணையத்தின் முடிவுக்கு எல்லா உறுப்பினரும் இசைதல் வேண்டும். ஒருவர் மறுப்பினும் முடிவு நில்லாது. கிரிலை ஓரிடத்திலேயே வாரிக்கொள்ளாது, பகுதிதோறும் பகிர்ந்து பிடிக்க வேண்டுமென்றிருந்த விதி, 2024 இல் இசைவின்மையாற் புதுப்பிக்கப்படாது ஒழிந்தது. அடுத்த பருவத்திலேயே விளைவு தெரிந்தது. பருவம் நிறைவுறுமுன்னர், 2025 ஆகஸ்டு மாதத்தில் 6,20,000 டன்னும் எட்டப்பட்டு, தொழில் நிறுத்தப்பட்டது.

பிறர் பங்கையும் பிறவுயிரின் பங்கையும் எண்ணித் தன் வலையைச் சுருக்கிக்கொள்வோரே கடற்செல்வத்தை நெடுங்காலம் துய்ப்பர். அவ்வெண்ணம் எல்லா நாட்டினர்க்கும் ஒருங்கே வாய்க்குமளவும் தென்கடற் காவல் நிறைவு பெறாது.