சட்டசபையில் ஒரு மருத்துவர்

மதுரையினின்று இராசபாளையம் செல்லும் பெருவழியில், மானாவாரி நிலங்கள் சூழ அமைந்துள்ளது டி. கல்லுப்பட்டி என்னும் பேரூர். இவ்வூரிலும் இதனை அடுத்த சிற்றூர்களிலும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள் கருவுற்றவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்வர். அவர்கட்கு அரசு தவணை தவணையாக உதவித்தொகை அளிக்கின்றது. 1987 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அத்திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரைத் தாங்கியது. அத்தொகையைப் பெறுவோர் பலர். அப்பெயரைச் சொல்வோரும் பலர். ஆயின் அப்பெயருக்கு உரியவர் யார், குழந்தைகளுக்கென அவர் சட்டசபையில் யாது செய்தார் என வினவினால், விடை கூறவல்லார் சிலரே.

முத்துலட்சுமி அம்மையார் 1886 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30 ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி அவ்வூர் மகாராசர் கல்லூரியின் முதல்வராய் விளங்கியவர். பெண்பிள்ளை பூப்பெய்தியபின் பள்ளி செல்லுதல் தகாது என்று ஊரார் கருதிய காலம் அது. அம்மையாரை ஆண்கள் பயிலும் கல்லூரியிற் சேர்த்தற்குப் பலர் மாறுபட்டு நின்றனர். புதுக்கோட்டை மன்னர் இசைவு தந்தமையால் அத்தடை நீங்கிற்று. பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907 இற் சேர்ந்து, பரிசுகள் பல பெற்று, 1912 இல் பட்டம் எய்தினார். அதன்பின் சென்னையில் அரசினர் மகப்பேற்று மருத்துவமனையிலும் கண் மருத்துவமனையிலும் பணி புரிந்தார். 1914 இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். 1925 இல், பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் உரிய மருத்துவத்தை மேலும் கற்க இங்கிலாந்து சென்றார்.

அவர் தாயகம் மீண்டபோது, 1926 இல், சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகும் வாய்ப்பு அவரை நாடி வந்தது. அம்மையார் முதலில் தயங்கினார். நோயாளிகளை விட்டு அவைக்குச் சென்று அமர்தல் தமக்கு ஏற்குமோ என்பதே அத்தயக்கம். அது நியாயமான தயக்கமேயாகும். எனினும் மருத்துவமனையில் ஒருவர் நூறு பிள்ளைகளின் நோயைத் தீர்க்கலாம். நோய் வாராமற் காத்தற்குரிய ஏற்பாட்டை அவையன்றோ செய்தல் வேண்டும்? ஆதலின் இசைந்தார். பிரித்தானியர் ஆண்ட இந்திய மாகாணங்களிற் சட்டசபை புகுந்த முதற் பெண்மணி அவரே. (இவருக்கு நான்கு ஆண்டு முன்னர், 1922 இல், திருவிதாங்கூர் மன்னரின் அவையில் மேரி பூனன் லூக்கோசு அம்மையார் அமர்ந்தார். அவரும் ஒரு மருத்துவர் என்பது கருதத்தக்கது.) முத்துலட்சுமி அம்மையாரின் திறத்தைக் கண்ட உறுப்பினர் அவரையே அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தனர்.

அவர் அவையில் வற்புறுத்தியவற்றுள் தலையாயது, நகராட்சிகளும் பிற உள்ளாட்சி மன்றங்களும் நடத்தும் பள்ளிகளில் மாணவர்க்கு முறையாக மருத்துவப் பரிசோதனை செய்தல் வேண்டும் என்பது. இன்று இது மிக எளிய செய்தியாகத் தோன்றும். அன்று அவ்வாறன்று. பள்ளி என்பது எழுத்தறிவிக்கும் இடம். உடல்நலம் வீட்டார் பொறுப்பு என்பதே பலரின் எண்ணம். அவ்விரண்டையும் பிரித்தல் இயலாது என்பதை மருத்துவர் அறிவர்.

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் உளர் எனக் கொள்வோம். பின் வரிசையில் அமர்ந்த சிறுவன் ஒருவன் கரும்பலகையில் எழுதியதைத் தவறாகப் பெயர்த்தெழுதுகின்றான். ஆசிரியர் அவனை மந்தன் என்கின்றார், தந்தை அடிக்கின்றார். உண்மையில் அவனுக்குத் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியா. ஆறு மீட்டர் தொலைவில் எழுத்தட்டையைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் செய்தால், சில நிமிடங்களில் அக்குறை வெளிப்பட்டுவிடும். ஒரு மூக்குக்கண்ணாடி அவனை முதல் வரிசை மாணவனாக்கும். மற்றொரு சிறுமி அழைத்தால் திரும்புவதில்லை, செருக்குடையாள் என்பர். காதிற் சீழ் வடிந்து அவள் செவிப்புலன் குன்றியிருக்கக்கூடும். இன்னொருத்தி நண்பகலிலேயே உறங்கி விழுகின்றாள், சோம்பேறி என்பர். கண்ணின் கீழிமையை மெல்லத் தாழ்த்திப் பார்த்தால், உட்புறம் சிவப்பின்றி வெளுத்துக் காணும். அது குருதிச் சோகை. அந்தி மயங்கியதும் வழி தெரியாது தடுமாறும் பிள்ளைக்கு மாலைக்கண். முருங்கைக் கீரையும் பப்பாளிப் பழமும் அந்நோய் வாராமற் காக்கும் எளிய உணவுகள். கரிசற் காட்டிலும் இவை கிடைப்பனவே.

இங்ஙனம் குணக்கேடு என்றோ அறிவின்மை என்றோ பழிக்கப்படுபவற்றுட் பல உடற்குறைகளேயாம். அவற்றைப் பிள்ளை தானே கூறாது. பிறந்தது முதல் உலகம் மங்கலாகவே தெரியும் ஒருவனுக்கு, பிறர்க்கு அது தெளிவாகத் தெரியும் என்பதே தெரியாதன்றோ? ஆகலின் நோயாளி மருத்துவரைத் தேடி வருதல் என்னும் முறை இங்கே பயன்படாது. மருத்துவர் பள்ளியைத் தேடிச் செல்லுதல் வேண்டும். அம்மையாரின் கோரிக்கை முழுதும் இக்கருத்தில் அடங்கும். பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் தனி மருத்துவ ஏற்பாடு வேண்டும் என்றும் அவர் வாதாடினார். அதன் பயனாக மகப்பேற்று மருத்துவமனையில் குழந்தைகட்கெனத் தனிப் பிரிவு திறக்கப்பெற்றது.

கல்வித் துறையில் அவர் ஆற்றிய பணியும் சிறிதன்று. ஏழைப் பெண்பிள்ளைகட்குப் பள்ளிச் சம்பளச் சலுகை வேண்டினார். முசுலிம் மாணவியர்க்கு விடுதியும், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்பிள்ளைகட்கு உதவிச் சம்பளமும் கிடைக்க முயன்றார். இந்தியக் கல்வியின் நிலையை ஆராய்தற்கு ஆர்ட்டாகு என்பார் தலைமையில் அமைக்கப்பெற்ற குழுவிலும் உறுப்பினராய் இருந்து நாடெங்கும் சுற்றி வந்தார். அக்குழுவின் அறிக்கை 1929 இல் வெளிவந்தது. முதல் வகுப்பிற் சேரும் பிள்ளைகளுள் ஐந்தில் ஒருவர்கூட நான்காம் வகுப்பை அடைவதில்லை என அது காட்டிற்று. பள்ளியில் இடம் கொடுத்துவிட்டாற் போதும் என்று எண்ணியிருந்தோர்க்கு இஃது அதிர்ச்சியாயிற்று. வறுமையும் நோயும் இளமை மணமும் பிள்ளைகளை இடைவழியில் நிறுத்திவிடுகின்றன. நலமும் கல்வியும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று அம்மையார் கூறியதற்கு இக்கணக்கினும் வேறு சான்று வேண்டா.

இளமை மணத்தைத் தடுக்கும் இயக்கத்தில் அவர் முன்னின்றார். பெண்மகவைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். முழுத் தடை 1947 இலேதான் சட்டமாயிற்று. எனினும் வித்திட்டவர் அவரே. 1930 இல் காந்தியடிகள் சிறைப்படவே, அம்மையார் தம் பதவியைத் துறந்தார். அவ்வாண்டினை ஒட்டி, தேவதாசிக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர் அடைக்கலம் நாடி அவரிடம் வந்தனர். அவர்களை ஏற்க விடுதிகள் மறுத்தன. பதவியும் இல்லை, ஆணையிட அதிகாரமும் இல்லை. தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. சட்டசபையில் அவர் பேசிய பேச்சுகளினும் இச்செயலே அவர் உள்ளத்தை நமக்கு நன்கு காட்டுகின்றது.

மாகாணத் தலைநகரில் எழுந்த இக்கருத்துகள் மதுரைச் சீமையின் சிற்றூர்களை எட்டுதற்குச் சில பதின்மம் ஆண்டுகள் ஆயின. டி. கல்லுப்பட்டியில் 1940 இல் காந்தி நிகேதன் ஆசிரமம் தோன்றிற்று. கைத்தொழிலும் தூய்மையும் கல்வியின் பகுதிகள் என அங்கே கற்பிக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதிக் காலத்தில் அங்கேயே தங்கிச் சிற்றூர்ப் பொருளியலை ஆராய்ந்தார். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தை 1947 இல் நிறுவியவர் மற்றொரு மருத்துவப் பெண்மணி, டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார். மதுரைத் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் திருமகளாகிய அவர், இளமையிற் கணவனை இழந்தபின் மருத்துவம் பயின்றவர். காந்தியடிகளின் வழி நின்று சிற்றூரைத் தம் களமாகக் கொண்டவர். 1952 இல் ஆத்தூரிலிருந்தும் 1957 இல் வேடசந்தூரிலிருந்தும் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1962 இல் நாடாளுமன்றம் புகுந்து, நடுவண் அரசில் கல்வித் துணையமைச்சராய்ப் பணியாற்றினார். முத்துலட்சுமி அம்மையார் நியமனத்தால் அவை புகுந்தார். சௌந்தரம் அம்மையார் உழவரும் நெசவாளரும் அளித்த வாக்கினால் புகுந்தார். இருபத்தாறு ஆண்டுகளில் நாடு கடந்த தொலைவு இது.

முத்துலட்சுமி அம்மையார் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956 இல் பத்மபூசண் விருது பெற்றார். 1968 சூலை 22 ஆம் நாள் மறைந்தார்.

அவர் கேட்ட பள்ளி மருத்துவப் பரிசோதனை இன்று எந்நிலையில் உள்ளது? 2013 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதினர் வரை பரிசோதிக்கப்பெறுகின்றனர்; அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உள்ள பிள்ளைகளை நடமாடும் மருத்துவக் குழுவினர் சென்று பார்க்கின்றனர். பிறவிக் குறை, ஊட்டக் குறை, பிள்ளைப்பருவ நோய், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையாக அவர்கள் ஆராய்வர். கேளாமை, பிளவுண்ட உதடு, வளைந்த பாதம், இதயக் குறை ஆகியன உரிய காலத்திற் கண்டறியப்பட்டால் மருத்துவத்துக்கு வழி உண்டு. செவிக்குறை உள்ள குழந்தையை எவ்வளவு இளமையிற் கண்டறிகின்றோமோ, அவ்வளவு எளிதாக அது பேசப் பழகும். காலந் தாழ்த்தினால் மொழி வாய்ப்பது அரிதாகும். வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைக்கும் அவ்வாறே.

முன்னாளில் இத்தகைய பிள்ளைகட்குப் பாளையங்கோட்டை போன்ற சில ஊர்களில் கிறித்தவத் தொண்டர் நடத்திய தனிப் பள்ளிகளே புகலிடம். மதுரைப் புறத்துச் சிற்றூர்ப் பிள்ளை அத்துணைத் தொலைவு செல்வது அரிது. திண்ணையிலேயே அதன் வாழ்நாள் கழியும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளை வகுத்துரைக்கின்றது. குறிப்பிட்ட அளவு குறையுடைய பிள்ளைகள் ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அண்டைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமையை அது தருகின்றது. பள்ளிக்கு வரவே இயலாத பிள்ளையின் வீட்டிற்குச் சிறப்பு ஆசிரியர் சென்று கற்பிக்கும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் உண்டு.

எனினும் பரிசோதனை வேறு, மருத்துவம் வேறு. குறிப்பேட்டில் எழுதப்பட்ட பிள்ளை மாவட்ட மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். அன்றைக்குத் தாய் தன் கூலியை இழப்பாள். பெண்பிள்ளைக்குக் கண்ணாடி அணிவித்தால் நாளை மணம் பேசுகையில் குறை சொல்வரே என்று பாட்டி தடுப்பாள். அணிந்து வந்த பிள்ளையை உடன் பயில்வோர் ‘சோடாப்புட்டி’ என்று கேலி செய்வர். மறுநாள் அக்கண்ணாடி பைக்குள்ளேயே கிடக்கும். பின் வரிசையில் அப்பிள்ளை மீண்டும் கரும்பலகையைப் பார்த்துத் தவறாகப் பெயர்த்தெழுதிக்கொண்டிருப்பாள்.